முக்கோணப் பிடி: ஒரு திருத்தம்

சென்ற ஆண்டு ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணி சுமாருக்கு, ஒரு மனிதரை நான் மயக்கமடையச் செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு வயது 52. பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், வாரம் இரண்டு நாள் இரவில் என்னோடு பாயில் புரள்கிறார். அவர் கழுத்தைச் சுற்றி நான் போட்டிருந்த கால்பிடி அதுவரை யாரிடமும் பலித்ததில்லை. அன்றும் பலிக்காது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கோளாறு அங்கேதான் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பிடியைப் பற்றியது. இலக்கியம் படிக்க வந்த இடத்தில் கழுத்து நெரிப்பதைப் பற்றி எழுதுகிறானே என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கொஞ்சம் உடற்கூறு, கொஞ்சம் வடிவியல், கொஞ்சம் சரித்திரம் எல்லாம் இதில் உண்டு.

நான் நியூ ஜெர்சியில் வசிக்கும் மென்பொருள்காரன். வயது 38. முதுகலை படித்தது கட்டுமானப் பொறியியல். அதில் படித்த எதையும் பதினைந்து வருடங்களாகப் பிழைப்புக்குப் பயன்படுத்தியதில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகுவலி வந்து, மருத்துவர் ஏதாவது உடற்பயிற்சி செய்யச் சொல்லி, ட்ரெட்மில்லில் ஓடிச் சலித்து, கடைசியில் 2022-ல் ஒரு டயர் கடைக்கும் லாண்டரிக்கும் நடுவில் இருந்த பிரேசிலிய ஜியு-ஜிட்சு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அம்மா தொலைபேசியில், "இந்த வயசுல எதுக்குடா உனக்கு மல்யுத்தம்? ரெண்டு பிள்ளை பெத்தவன் செய்யற வேலையா?" என்றாள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கழுத்தில் சிவப்புத் தழும்போடு அலுவலக மீட்டிங்கில் உட்காராதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஜியு-ஜிட்சுவில் அடி, குத்து, உதை எதுவும் கிடையாது. எதிராளியைத் தரையில் சாய்த்து, மூட்டைத் திருகியோ கழுத்தை நெரித்தோ அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒப்புக்கொள்வதற்கு அடையாளம் கையால் இரண்டு முறை தட்டுவது. எதிராளி மேல் தட்டலாம், பாயில் தட்டலாம், கை சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாய்விட்டும் சொல்லலாம். தட்டியவுடன் விட்டுவிட வேண்டும். இந்த ஒரு ஒப்பந்தத்தின் மேல்தான் மொத்தக் கலையும் நிற்கிறது. முன்பின் தெரியாத ஒருவனிடம் என் கழுத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு பத்திரமாக வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட முடிகிறதென்றால் அதற்கு அந்த இரண்டு தட்டுகள்தான் காரணம்.

பிரேசிலுக்கு இந்தக் கலை ஜப்பானிலிருந்து போனது. கொடோகான் பள்ளியில் ஜூடோ பயின்ற மயேதா மிட்சுயோ, பல நாடுகளில் பந்தயச் சண்டைகள் போட்டுவிட்டு 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பின்னர் வடக்கே பெலெம் நகரத்தில் தங்கிவிட்டார். அவர் வழியாகக் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி ஹீலியோவும் தரையில் கிடந்து போடும் சண்டையைத் தனிக் கலையாக வளர்த்தார்கள். ஆனால் நான் சொல்லவந்த முக்கோணப் பிடி ஜப்பானில் உருவானது. அங்கே உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே 1914 முதல் நடந்த கோசென் ஜூடோப் போட்டிகளில், நின்று வீசுவதைவிடத் தரையில் பிடித்து அமுக்குவதற்கு நிறைய இடம் கொடுத்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் ஒகயாமா நகரத்துப் பள்ளி ஒன்றின் குழுவிலிருந்து இந்தப் பிடி புறப்பட்டது. ஜப்பானிய மொழியில் இதற்குச் சங்காக்கு-ஜிமே என்று பெயர். சங்காக்கு என்றால் முக்கோணம். ஜிமே என்றால் நெரிப்பு. பரீட்சைக்குப் படிக்கும் வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்த விஷயம் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

உலகம் இதைக் கவனித்தது 1994 டிசம்பரில். அமெரிக்காவின் டல்ஸா நகரத்தில் நடந்த நான்காவது யு.எஃப்.சி. போட்டியின் இறுதிச் சுற்றில், ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி, 115 கிலோவுக்கு மேல் எடையுள்ள மல்யுத்த வீரர் டான் செவர்னிடம் அகப்பட்டுக் கொண்டார். கால் மணி நேரத்துக்கு மேல் மல்லாந்து அடியிலேயே கிடந்தார். பார்ப்பவர்களுக்கு அவர் தோற்றுக்கொண்டிருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். பதினாறாவது நிமிடம் முடிவதற்குள் அவர் கால்கள் செவர்னின் கழுத்தைச் சுற்றி ஏறின, செவர்ன் தட்டினார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த நேரம் தீர்ந்துபோய், காசு கட்டி வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த பலருக்குச் சரியாக அந்த முடிவு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

மற்போரில் காலைப் பயன்படுத்துவது என்றதும் நம்மவர்களுக்குப் புறநானூற்றின் 80-ஆவது பாட்டு நினைவுக்கு வரலாம். போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடும்போது, ஒரு கால் எங்கே இருந்தது, மறு கால் எங்கே இருந்தது என்று தனித்தனியாகக் கணக்குச் சொல்லுவார். அதற்கும் சங்காக்கு-ஜிமேக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நாமே கண்டுபிடித்தோம் என்று கிளம்பிவிட வேண்டாம். புலவர் கால்களைப் பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் கோச்சும் அதையேதான் ஓயாமல் சொல்கிறார்: முகத்தைப் பார்க்காதே, காலைப் பார்.

இனி பிடிக்கு வருவோம். நான் மல்லாந்து படுத்திருக்கிறேன். எதிராளி என் கால்களுக்கு நடுவே மண்டியிட்டிருக்கிறார். அவருடைய ஒரு கை என் தொடைகளுக்கு உள்ளே இருக்கிறது, மறு கையை வெளியே தள்ளிவிடுகிறேன். வெளியே போன கையின் பக்கமாக என் ஒரு காலை அவர் தோளுக்கு மேலே தூக்கி, கெண்டைக்கால் அவர் பிடரியின் குறுக்கே வரும்படி போடுகிறேன். அந்தக் காலின் கணுவை என் மறு காலின் முழங்கால் மடிப்புக்குள் செருகிப் பூட்டுகிறேன். இப்போது ஒரு தொடை, அதன் கீழ்க்கால், மறு தொடை என்று மூன்று பக்கங்கள் கிடைத்துவிட்டன. உள்ளே அவர் கழுத்தும் ஒரு கையும் இருக்கின்றன.

இதில் என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம், கழுத்தை நெரிப்பது என் கால்கள் மட்டுமல்ல என்பது. கழுத்தின் ஒரு பக்கத்தை என் தொடை அழுத்துகிறது; மறு பக்கத்தை அழுத்துவது அவருடைய சொந்தத் தோள். உள்ளே சிக்கிய கையின் தோள்பட்டையை என் மறு தொடை அவர் கழுத்தின் மேலேயே தள்ளுகிறது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்வது என்பார்களே, கிட்டத்தட்ட அது.

நெரிப்பது என்றதும் மூச்சுக்குழல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்தேன். நல்ல நெரிப்பு மூச்சுக்குழலைத் தொடுவதே இல்லை. குறி, கழுத்தின் இரண்டு பக்கமும் மேலேறும் கரோட்டிட் தமனிகள். மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது தின்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்குக் கிடையாது. இரண்டு தமனிகளும் ஒரே நேரத்தில் அடைபட்டால், முதுகெலும்பை ஒட்டிப் போகும் பின்புறத் தமனிகள் மட்டும் போதாமல் சில வினாடிகளில் நினைவு தப்பிவிடுகிறது. 1943-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களின் கழுத்தில் காற்றடைத்த பட்டையைக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஐந்திலிருந்து பத்து வினாடிக்குள் மயங்கினார்கள். சராசரி ஏழு வினாடிக்கும் சற்றுக் குறைவு. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அந்தச் சோதனைக்கு அனுமதி தராது.

தமனி ஆழத்தில் இருக்கிறது, அதன் சுவரும் கெட்டி. இரத்தத்தைக் கீழே கொண்டுவரும் ஜுகுலர் சிரை மேலாக, மெல்லிய சுவரோடு இருக்கிறது. அரைகுறையாக அழுத்தினால் சிரை மூடிக்கொள்ளும், தமனி திறந்தே இருக்கும். உள்ளே வரும் இரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போக வழியில்லை. அகப்பட்டவரின் முகம் பழுத்த தக்காளி மாதிரி ஆகிவிடும். தலை வெடித்துவிடும்போல இருக்கும். தாடை வலிக்கும், காது நசுங்கும். ஆனால் மயக்கம் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால், அழுத்துகிறவனின் தொடை சோர்ந்துபோய்ப் பிடி தானாக விடும்.

என் முக்கோணம் அந்த ரகம். ஒன்றரை வருடம் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், இவன் பிடியில் முகம் சிவக்கும், அவ்வளவுதான், பொறுத்திருந்தால் தப்பிக்கலாம் என்று. வலி தாங்காமல் சிலர் தட்டியதுண்டு. அதை நான் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டேன். பலிக்காத நாளில் இன்னும் பலமாக அழுத்தினேன். ஜிம்முக்குப் போய்த் தொடைக்கு எடை தூக்கினேன். ஒருமுறை பூட்டுவதற்காகக் கால்விரலைப் பிடித்து இழுத்து, என் முழங்காலின் வெளிப்புறத் தசைநார் இழுபட்டு, மூன்று வாரம் நொண்டினேன். மென்பொருளில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நிரல் மெதுவாக ஓடுகிறது என்றால் பெரிய சர்வர் வாங்குவார்கள். கோளாறு எங்கே என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பேருந்து ஓட்டும் அந்த நண்பரை இங்கே பெரியவர் என்று குறிப்பிடுகிறேன். 52 வயதுக்கு அது அதிகம்தான். தமிழ் தெரிந்தால் கோபித்துக்கொள்வார். வழக்கம்போல முக்கோணம் போட்டேன். வழக்கம்போல அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். தப்பிப்பதற்காக அவர் ஒரு பக்கமாகச் சுற்றி நகர்ந்தார். நான் நகரவில்லை, அவர்தான் நகர்ந்தார். அப்படி நகர்ந்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த கோணம் மாறி, எனக்கே தெரியாமல் பிடி சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நான் எப்போதும்போல் முழுப் பலத்தோடு அழுத்தினேன். அவர் எதிர்ப்பது நின்றது. களைத்துப்போனார், இதுதான் சமயம் என்று இன்னும் அழுத்தினேன். குறட்டை மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "விடு! விடு! விடு!" என்று கத்திக்கொண்டு கோச் ஓடிவந்தார்.

எத்தனை வினாடி கூடுதலாக அழுத்தினேன் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டாக இருக்கலாம், நான்காக இருக்கலாம். மல்லாத்திக் கிடத்திக் கால்களை உயர்த்திப் பிடித்தோம். அவர் கண் திறப்பதற்குப் பத்து வினாடிகூட ஆகியிருக்காது. எனக்கு அது நீண்டுகொண்டே போனது. கண் விழித்தவர் கூரையைப் பார்த்துவிட்டு, "வகுப்பு ஆரம்பித்துவிட்டதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய்ச் சிறிது நேரம் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

நெரிபட்டு மயங்கி உடனே எழுந்துவிடுவது இந்த விளையாட்டில் அபூர்வமில்லை. பெரும்பாலும் பின்விளைவும் இருப்பதில்லை. ஆனாலும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து, பிறகு பக்கவாதம் வரை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தமனியில் கொழுப்புப் படிந்திருக்கக்கூடிய வயதினரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அன்றிரவு இரண்டு மணி வரை இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலையில் பெரியவருக்குப் போன் செய்து மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காலையில் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற மனிதர்.

அடுத்த வகுப்பில் கோச்சிடம், இனிமேல் நான் முக்கோணம் போடுவதாக இல்லை என்றேன். கோச் பிரேசில்காரர், என்னைவிட ஒன்பது வயது இளையவர். "உன் பிடி பலமாக இருந்ததால் அவர் மயங்கினார் என்று நினைக்கிறாயா? உன் பிடி மோசமாக இருந்ததால் மயங்கினார். எப்போது பலிக்கும் என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் தட்டியிருப்பார், நீயும் விட்டிருப்பாய்" என்றார். பிறகு மூன்று மாதம் வேறெதுவும் சொல்லித்தரவில்லை.

முதலில் பூட்டு. கணுக்காலை முழங்கால் மடிப்பில் செருகுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பாதத்தைத்தான் செருகிக்கொண்டிருந்தேன். இங்கேதான் என் பழைய படிப்பு உதவிக்கு வந்தது. கூரைக்கும் பாலத்துக்கும் முக்கோணச் சட்டங்கள் வைப்பதன் காரணம், மூன்று பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது என்பதுதான். நாற்கோணச் சட்டத்தை மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. தொடை எலும்பின் நீளத்தை நான் மாற்ற முடியாது. அப்படியென்றால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருக்கும் இடம் பெரிதாகக் குறையப் போவதில்லை. குறைக்கக்கூடியது ஒரே பக்கம், கீழ்க்கால். பாதத்தில் பூட்டினால் அந்தப் பக்கம் நீளம். கணுவுக்கு மேலே பூட்டினால் குட்டை. அதற்குப் பிடித்து இழுக்க வேண்டியது கால்விரலை அல்ல, முன்னங்காலின் எலும்பை. என் முழங்கால் ஏன் அடிபட்டது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அடுத்தது கோணம். இதற்கே இரண்டு மாதம் போனது. நேருக்கு நேர் கிடந்து பூட்டினால், என் இடுப்பின் அகலம் முழுவதும் அவர் முகத்துக்கு எதிரே திறந்த வாசலாக இருக்கும். என் கீழ்க்காலும் பிடரியின் குறுக்கே வராமல் தோளின்மேல் சாய்ந்து கிடக்கும். அதோடு அவர் முதுகை நிமிர்த்தி என்னைத் தூக்கிவிட முடியும். முதுகுத் தசையோடு போட்டிபோட என் தொடையால் ஆகாது. ஒரு காலை அவர் இடுப்பில் ஊன்றி, மறு கால் பிடரியிலிருந்து நழுவாமல் கையால் பிடித்துக்கொண்டு, கடிகார முள்போல என் உடம்பைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்புவது? என் கண்ணுக்கு அவர் காது நேராகத் தெரிய வேண்டும். முகம் தெரிந்தால் போதாது. அந்த நிலையில் என் கையை அவர் தொடைக்கு அடியில் கொடுத்து அணைத்துக்கொண்டால் அவரால் திரும்பவும் நேராக வர முடியாது. பெரியவர் அன்று தானாக நகர்ந்து எனக்குக் கொடுத்தது இந்தக் கோணத்தைத்தான்.

உள்ளே சிக்கிய கையை அவர் முகத்துக்குக் குறுக்கே இழுக்க வேண்டும் என்று ஒரு பாடம் உண்டு. நானும் அதற்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவசியமில்லை. தோள் கழுத்தை ஒட்டியிருந்தால் போதும், கை எங்கே இருந்தாலும் பரவாயில்லை. கையை இழுக்கிறேன் என்று நேரத்தைச் செலவழித்தால் கோணம் போய்விடும்.

கடைசியாக அழுத்தம். முழங்கால்களை ஒன்றோடொன்று நசுக்குவதுதான் அழுத்தம் என்று இருந்தேன். கோச் என் பூட்டிய காலின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, "இதை உன் பிட்டத்தை நோக்கி மடக்கு" என்றார். தொடையின் பின்பக்கத் தசை இழுக்கிறது. அவர் தலையைக் கையால் கீழே கொண்டுவருகிறேன். இடுப்பைச் சற்றே உயர்த்துகிறேன். அவ்வளவுதான். முன்பு செலவிட்ட பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மூச்சு வாங்கவில்லை. மூச்சு வாங்காதபோது எதிரே இருப்பவரைக் கவனிக்க முடிகிறது. அவருடைய வெளிக்கை எங்கே இருக்கிறது, தட்டுவதற்கு அதற்கு இடம் இருக்கிறதா, உடம்பு விறைப்பாக இருக்கிறதா, தொய்கிறதா என்றெல்லாம் தெரிகிறது. இப்போது பிடி உட்கார்ந்ததும் மனதுக்குள் எண்ணத் தொடங்குகிறேன். ஆறு வரை எண்ணியும் அவர் தட்டாமல், எதிர்க்கவும் இல்லையென்றால், தட்டுக்குக் காத்திராமல் விட்டுவிடுகிறேன். இரண்டு முறை அப்படி விட்டபின், நன்றாக விழித்துக்கொண்டிருந்த எதிராளி மேலே ஏறி என்னைத் தோற்கடித்திருக்கிறார். போகட்டும்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் மைத்துனனிடம் செய்து பார்க்கலாம் என்று யாரும் உட்கார வேண்டாம். சொல்லித்தர ஆள் பக்கத்தில் இல்லாமல் செய்யக்கூடாதது இது.

பெரியவர் இரண்டு வாரம் கழித்து வந்தார். வந்ததும் நேராக என்னிடம், "அன்றைக்குப் போட்டாயே, அதை மெதுவாகப் போடு. எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. கோச் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கால் பலத்தில் போட்டேன். பூட்டினேன், திரும்பினேன், அவர் காது தெரிந்தது. குதிகாலை மடக்கத் தொடங்கியதும் என் தொடையில் இரண்டு தட்டு விழுந்தது. எழுந்து உட்கார்ந்து, "ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. வலியே இல்லை. வலிக்கும் என்று காத்துக்கொண்டிருந்ததுதான் தப்பு" என்றார்.

இந்தக் கோடையிலிருந்து அவர் என்னிடம் முக்கோணம் பழகிக்கொண்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமைதோறும் பத்து தடவை நான் போடுவேன், பத்து தடவை அவர் போடுவார். அவருக்குக் கால் குட்டை. கணு மடிப்பில் ஏற மறுக்கிறது. போன வாரமும் என் இடது காதைத்தான் நெரித்தார். கோணம் போதவில்லை என்றேன். "முகம் சிவந்திருக்கிறதே?" என்றார். சிவக்கும், அது கணக்கில்லை, இன்னும் திரும்புங்கள் என்று சொல்லிக் கழுத்தை மறுபடியும் உள்ளே கொடுத்தேன்.